நேஷனாலிட்டி இருக்கிற மாப்பிள்ளை

தரகர் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "பையன் நேஷனாலிட்டிம்மா" என்பதைத்தான். படிப்பு, வேலை, சம்பளமெல்லாம் அதற்கப்புறம். என் சித்தி அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. "அது கெடக்கட்டும். எந்த ஆளுங்க?" என்றாள். "நம்ம ஆளுங்கதாம்மா. அதைப் பார்க்காமலா உங்க வாசப்படி ஏறுவேன்?" என்று தரகர் சற்றே மனத்தாங்கலோடு சொன்னார். அதன் பிறகுதான் சித்தி காபி போட எழுந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: பாண்டியிலும் காரைக்காலிலும் நேஷனாலிட்டி என்று மொட்டையாகச் சொன்னால் அது பிரெஞ்சுக் குடியுரிமை. அது இருக்கிற மாப்பிள்ளைக்கு வரதட்சணை ஏறும். பெண்ணுக்கு இருந்தால் கணக்கு தலைகீழ். நகை எத்தனை சவரன் என்ற பேச்சே எழாது, மாப்பிள்ளை வீட்டார்தான் மண்டபச் செலவு எங்களுடையது என்பார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் இதை வெட்கக்கேடாக நினைப்பதில்லை.

கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறவள் என்பதால் எனக்கு அந்தக் கூடத்தில் நடந்தது இன்னும் கொஞ்சம் சுவையாகப் பட்டது. குடிமக்களில் சாதி மதம் பார்ப்பதில்லை என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிற குடியரசு ஒன்று. குடியரசு எதுவானாலும் எங்களுக்கென்ன என்று இருக்கிற சாதி ஒன்று. இரண்டும் ஒரே சோபாவில் முட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன. தரகர் இரண்டையும் இரண்டே நிமிடத்தில் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார்.

பாண்டிச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "கலவைப் பண்பாடு" என்று ஆரம்பிப்பார்கள். காலையில் பாகெத் ரொட்டி, மாலையில் பஜ்ஜி. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, நெற்றியில் திருநீறு. பாடப்புத்தகங்களிலோ பல இனச் சமூகம் என்றால் எல்லாம் கரைந்து ஒன்றாகிற உருக்குப்பானை, கலந்தாலும் தனித்தனியாகத் தெரிகிற சாலட் கிண்ணம் என்று இரண்டு உவமைகள் வரும். எங்கள் ஊரில் இரண்டுமே ஓட்டல் பெயர்ப்பலகையில் ஏறத்தான் லாயக்கு. நான் வகுப்பில் வேறொரு கேள்வியோடு தொடங்குவேன்: தன் அடையாளத்தைத் தானே தேர்ந்துகொள்ள யாரால் முடிகிறது, யாருக்கு அதை இன்னொருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதித் தருகிறார்? முந்நூறு வருஷமாக இந்த ஊர் அந்த மேசைகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

நேஷனாலிட்டி எங்கிருந்து வந்தது என்பதிலேயே இதைப் பார்க்கலாம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். அதற்கான ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு வருஷம் எடுத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிச் சில பிரிவுகள் உண்டு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர் தானாகவே இந்தியர் ஆகிவிடுவார். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து கடல் தாண்டி இருந்தவர் பிரெஞ்சுக்காரராகவே நீடிப்பார். இந்தியர் ஆக விரும்பினால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் பட்டாளத்தோடு வெளிநாடு போனவன் ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரன். வீட்டோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டவன் ஒன்றும் செய்யாமலே இந்தியன். இங்கிருந்தபடி எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேர் சுமாருக்கு. அவர்களில் கிறித்தவர், இந்து, முஸ்லிம் மூவரும் உண்டு. பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷனோ சம்பளமோ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். அறிவிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரிந்தவரை மாமா என்று கூப்பிட முடிந்தவர்கள் அடுத்து. மற்றவர்களுக்கு அந்த ஆறு மாதம் மற்ற மாதங்களைப் போலவே நடவும் அறுப்புமாகப் போய்விட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இரண்டு பங்காளி வீடுகள். பெரியவரின் பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். ஜூலையில் வந்து, மாடியில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, ஆகஸ்டில் போய்விடுவார்கள். சின்னவரின் பேரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "எங்க தாத்தா காங்கிரஸ் மிஸ், கொடி புடிச்சவரு, அவரு போயி எழுதிக் குடுப்பாரா?" என்பார். அதில் பெருமை இருக்கும். வண்டிக்குத் தவணை கட்டுகிற வாரத்தில் கேட்டால் அதே வாக்கியம் வேறு ராகத்தில் வரும்.

பியேர் பூர்தியூ என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர், பணம் ஒரு வகை மூலதனம் என்றால் படிப்பு, உறவு, கௌரவம் எல்லாம் வேறு வகை மூலதனங்கள், ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ள முடியும் என்றார். (அவர் அல்ஜீரியாவுக்குப் பட்டாளத்துக்காகப் போய், அங்கேதான் சமூக ஆய்வின் பக்கம் திரும்பினார். அதே அல்ஜீரியப் போரில் எங்கள் ஊர் சொல்தாக்களும், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களும், இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுகுறுப்பு.) அந்த மாற்றத்துக்குச் சுத்தமான உதாரணம் எங்கள் தரகர்தான். 1962இல் ஒரு தாத்தா போட்ட கையெழுத்து, பேரனுக்கு வரதட்சணை ஆகிறது. வரதட்சணை கொடுத்த வீட்டுக்கு விசா ஆகிறது. விசாவில் போன பெண்ணின் தம்பிக்கு அங்கே படிப்பு ஆகிறது. இந்தச் சங்கிலி முழுக்க ஒரே சாதிக்குள்ளேயே சுற்றும். கையெழுத்தின் பலன் சாதிக்கு வெளியே சிந்திவிடாமல் பார்த்துக்கொள்வதில் எங்கள் ஊர் காட்டுகிற கவனத்தை வேறு எதிலும் காட்டியதில்லை.

இதற்கு முந்தைய கையெழுத்து இன்னும் கனமானது. 1881 செப்டம்பர் 21 அன்று ஓர் ஆணை வந்தது. அதற்கு முன்னால் பிரெஞ்சிந்தியாவின் தமிழர்கள் திருமணம், சொத்து, வாரிசு விஷயங்களில் தங்கள் சாதி, மத வழக்கப்படியே நடந்துகொள்ளலாம். 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் ஆண்களுக்கு இருந்தது. 1881 ஆணைப்படி, விரும்புகிறவர் அந்த வழக்கங்களைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் முழுசாக வந்துவிடலாம். அதிகாரி முன்னால் அறிக்கை கொடுத்து, குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் அது சேர்த்தே பொருந்தும். ஒரு தடவை துறந்தால் துறந்ததுதான், திரும்பி வர வழி கிடையாது. அப்படித் துறந்தவர்களை இங்கே ரெனோன்சான் என்பார்கள்.

அவர்களுக்கு முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் அவர் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். தமிழன் காலில் சப்பாத்தா என்று நீதிபதி வாதாட விடவில்லை. அவர் விடாமல் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். ஆணை வந்ததும் துறந்து, பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார்.

இதே ஊரில் அதற்கு நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பிள்ளைக்கும் செருப்பு ஒரு விஷயமாக இருந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கில் போகவும், செருப்பணியவும், பொற்பூண் பிரம்பு வைத்துக்கொள்ளவும் உரிமை தந்திருந்தார்கள். அது ஆளுநர் மனம் வைத்துக் கொடுத்தது. அடுத்த ஆளுநர் பிடுங்கிக்கொள்ளலாம். எப்படிப் பிடுங்குவார்கள் என்பது பிள்ளைக்கு வீட்டிலேயே தெரியும். அவருடைய தாய்மாமன் நைனியப்பப் பிள்ளை, கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர், 1716இல் கைதாகி மறு வருஷம் சிறையிலேயே செத்தார். பெரும் பணக்காரர், இந்து, ஏசு சபைக்காரர்களின் கண்ணில் உறுத்தியவர். மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய், ஞானஸ்நானம் வாங்கி, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். பணம் இருந்தும் போதவில்லை, கேட்ட அடையாளத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பொன்னுத்தம்பி கேட்டது வேறு. யாரும் தயவில் தர வேண்டாம், சட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்றார். அதனால்தான் அந்தச் சப்பாத்து இத்தனை பேருக்கு எரிச்சலூட்டியது.

எரிச்சல் வெள்ளைக்காரர்களோடு நின்றுவிடவில்லை. துறந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். துறந்தால் சட்டத்தின் முன் எல்லாரும் ஒன்று என்ற வரி, மேலே இருந்தவர்களுக்கு வேப்பெண்ணெயாக இருந்தது. நாடு சண்முகம் என்று பேர் பெற்ற சண்முக வேலாயுத முதலியார் சாதி இந்துக்களைத் திரட்டி இதை எதிர்த்தார். பல பத்தாண்டுகள் பிரெஞ்சிந்திய அரசியலே அவர் கையில்தான் இருந்தது. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியரும் அவர் வழி வந்தவரும் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, துறக்காதவர்கள் ஒன்று. முதல் பட்டியலில் சில நூறு பேர், மூன்றாவதில் பல்லாயிரம் பேர். இருந்தாலும் அவையில் இடங்கள் தலைக்கணக்குப்படி பிரியவில்லை. 1899இல் பட்டியல் இரண்டானது. துறந்தவர்களைக் கொண்டுபோய்த் துறக்காதவர்களோடு சேர்த்தார்கள். சாதியை விட்டுவிட்டேன், நானும் பிரெஞ்சுக்காரன் என்று கையெழுத்துப் போட்டவனிடம், சரி, ஆனாலும் நீ இந்தப் பக்கம் நில் என்று குடியரசே சொல்லிவிட்டது.

அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையை நடத்தும்போது நான் இந்த இடத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். ஏணியில் ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருப்பது வலிக்கும், கீழே ஒருவர் இருப்பது இனிக்கும். அதனால் ஏணியையே தூக்கிப் போட எல்லாரும் ஒன்று சேர மாட்டார்கள். மதம் மாறினாலும் ஏணி கூடவே வரும். 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை ஒரு தேவாலயச் சுவரைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாதிக் கிறித்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களையும் பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே கட்டிய சுவர். ஒடுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய் முறையிட, சுவரை இடித்தார்கள். உடனே சாதிக் கிறித்தவர்கள் பக்கத்தில் கொந்தளிப்பு. எழுதியவர் ஓர் இந்து துபாஷி. கொஞ்சம் வேடிக்கை பார்க்கிற தொனி அவர் எழுத்தில் தெரியும். தன் பக்கத்துச் சுவர்களைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதத் தோன்றவில்லை. அவருக்கு அது சுவராகத் தெரிந்திருக்காது.

துறந்தவர்களுக்கு உண்மையில் பலன் கொடுத்த இடம் பாண்டிச்சேரி அல்ல, வியட்நாமின் சைகோன். பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவைப் பிடித்ததும் அவர்களுக்குக் குமாஸ்தா, போலீஸ், சுங்கம், பட்டாளம் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பாண்டிச்சேரியில் சப்பாத்துக்கு வழக்குப் போட வேண்டியிருந்தவன், சைகோனில் வாக்குரிமையோடு, சம்பளத்தோடு, வியட்நாமியருக்கு மேலே உட்கார்ந்தான். காலனி ஆட்சியில் மிதிபட்டவனும் மிதித்தவனும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் வீடு வீடாகச் சாட்சி உண்டு. யாரும் சைகோன் கதையை அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல மாட்டார்கள். பட்டுத்துணி, பீங்கான் தட்டு, கப்பல் பயணம் என்றே ஓடும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நெம் சுற்றுவார்கள். அந்த அக்காவின் அம்மா வியட்நாமியப் பெண். அரிசித் தாளை ஈரத் துணியில் போட்டு எடுத்து, உள்ளே இறாலும் சேமியாவும் வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்து உருட்டுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பக்கத்து அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதிக்கும். "இப்ப எல்லாரும் வந்து ரெசிபி கேக்குறாங்க. அப்ப எங்கம்மாவ இதே தெருவுல சீனாக்காரின்னுதான் கூப்புடுவாங்க. குழாயடியில தனியாத்தான் நிப்பாங்க" என்பார் அக்கா, சுற்றுவதை நிறுத்தாமலே. கலவைப் பண்பாட்டில் ருசியை மட்டும் உள்ளே விட்டு, ருசி கொண்டுவந்தவளைக் குழாயடியில் நிறுத்தியது அந்தத் தலைமுறை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தேன். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் பாண்டிக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் "தமிழ்நாட்டுக்காரங்க". முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது, ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தமாதிரி. பிறகு பழகிவிட்டது, நானே ஊருக்குப் போகும்போது "தமிழ்நாட்டுக்குப் போறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முள்ளோடையில் எல்லை. தெரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம், மதுக்கடைகள் அடர்ந்தால் பாண்டி, அருகிவிட்டால் கடலூர் மாவட்டம். இந்த எல்லையும் ஒழுங்கான கோடு கிடையாது. பிரெஞ்சுக்காரர்களிடம் நிலம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. 1814 உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால் ஆட்சி மாறி மாறி வரும். மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். மலையாளம் பேசுகிற ஓர் உறுப்பினரும் தெலுங்கு பேசுகிற ஓர் உறுப்பினரும் எங்கள் சட்டமன்றத்தில் உட்காருவது இதனால்தான்.

நார்வே மானிடவியலாளர் பிரெட்ரிக் பார்த், 1969இல், ஓர் இனக்குழுவைப் புரிந்துகொள்ள அதன் உடை, உணவு, சடங்கைப் பட்டியல் போடுவதை விட அது தன்னைச் சுற்றி எங்கே கோடு போடுகிறது, யார் அந்தக் கோட்டைக் காவல் காக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். நல்ல யோசனை. ஆனால் சில பேருக்குக் கோட்டைப் போடுகிறவர்கள் அந்தக் குழுவில் யாருமே இல்லை. இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், ஊருக்கு வெளியே குடிசைகள். எலி பிடிப்பது, மீன் பிடிப்பது, செங்கல் சூளை, தோப்புக் காவல். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். முள்ளோடைக்கு இந்தப் பக்கம் அதே ஆட்கள், அதே சொந்தம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பங்கள், 2016 வரை பட்டியல் பழங்குடியினராக இருக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் 12 லட்சத்து 48 ஆயிரம் பேரில் பட்டியல் பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். ஆட்கள் இல்லாததால் வந்த பூஜ்யம் அல்ல, அந்தப் பட்டியலே இல்லாததால் வந்தது. 2016 டிசம்பரில்தான் இருளர்களை, வில்லி, வேட்டைக்காரர் உட்பட, புதுச்சேரிக்கான பட்டியலில் சேர்த்தார்கள். மலைக்குறவர், காட்டுநாயக்கர், குருமன்ஸ், எருகுலா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாசி மகத்துக்கு இரண்டு பக்கத்து இருளர்களும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவார்கள். மணலில் பந்தல் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் பேசி முடிப்பார்கள். கடற்கரையில் ஒரே சனம், பஸ் ஏறித் திரும்பினால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இரண்டு சனமாக இருந்தார்கள்.

பட்டியலில் பேர் ஏறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண், குடும்பத்தில் முதல் பட்டதாரி, சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு அலைந்தாள். விசாரணைக்கு வந்தவர், "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டாராம். "எனக்குப் பாம்புன்னா பயம் மிஸ். எங்கப்பாவுக்கே தெரியாது, அவரு சூளையிலயே பொறந்து வளந்தவரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியில் தாத்தாவை அழைத்துப்போய் அவர் சொன்ன வேர், மூலிகைப் பேர்களை வைத்து வேலை முடிந்தது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத கோபம் உண்டு. என்னை யாரும் என் சாதிக்குரிய சடங்கைச் செய்து காட்டச் சொன்னதில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருக்கிற எங்கள் தெருக்காரருக்குப் பிரெஞ்சில் நாலு வரி சேர்ந்தாற்போல் வராது. அவரிடமும் யாரும் மோலியேர் நாடகம் படித்திருக்கிறாயா என்று கேட்பதில்லை, ஆயுள் சான்றைக் காட்டினால் பென்ஷன் வந்துவிடும். கீழே போகப் போகத்தான் அடையாளத்தை நடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அதுவும் அதிகாரி தன் மனத்தில் வைத்திருக்கிற பழைய படத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி. படித்துக் கிடித்து நாகரிகமாகப் பேசினால் பழங்குடி போலத் தெரியவில்லையே என்பார்கள். படிக்கத்தானே அந்தச் சான்றிதழ்?

பட்டியல் சாதியினருக்குள்ளும் இங்கே ஒரு கோடு உண்டு. புதுச்சேரிக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1964இல். அதற்கு முன்பே இங்கே இருந்த குடும்பங்கள் பூர்வீகம், பிறகு வந்தவர்கள் குடியேறியோர் என்ற பிரிவினை. இட ஒதுக்கீடு யாருக்கு என்ற வழக்கு 2005இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, இதில் நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று கண்ணில் படுகிறது. நாலு கிலோமீட்டர் தள்ளி மணம் முடித்துப் போன தலித் பெண் "குடியேறியவர்". பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை நகரத்தில் பழைய வீட்டை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றியவர் எந்த மாநிலத்தவரானாலும், எந்த நாட்டவரானாலும், அவரை அந்தப் பெயரில் யாரும் அழைப்பதில்லை. அவர் பாரம்பரியத்தைக் காப்பாற்றுபவர்.

வெள்ளை நகரம் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏற்கெனவே எல்லாரும் அளவுக்கு மேல் எழுதிவிட்டார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவர்கள் முன்னால் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். சாம்பல் சுவர் தெரிந்தால் அது ஆசிரமம், அங்கே நிற்பதில்லை. வடக்கே நடந்தால் சிறிது தூரத்திலேயே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம். அந்த மீனவர் குடியிருப்புகளை எந்தப் பாரம்பரிய நடைப்பயணமும் எட்டிப்பார்ப்பதில்லை. கோட்டை கட்ட வந்தவன் முதலில் கரையேறியது யாருடைய மணலில்?

அதிகாரத்துக்கும் மீனவர்களுக்கும் வேறொரு கணக்கு வீராம்பட்டினத்தில் உண்டு. ஆடி வெள்ளித் தேரில் செங்கழுநீர் அம்மன் வரும்போது வடம் பிடித்துத் தொடங்கிவைப்பவர் ஆளுநர். பிரெஞ்சு ஆளுநர் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடிக்கிறார்கள். ஆளுகிறவன் வந்து எங்கள் அம்மனுக்குக் கயிறு பிடிக்கிறான் என்று ஊருக்குப் பெருமை. உங்கள் அம்மன் என் கையால் நகர்கிறாள் என்று ஆளுகிறவனுக்கு நிறைவு. கொடி மாறியும் இந்த ஏற்பாட்டை இருவருமே விடவில்லை. இரண்டு பேருக்கும் அது தேவைப்படுகிறது.

இந்த ஊரில் பட்டியல்களைக் கலைத்துப் போட்ட ஒரு நாளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1936 ஜூலை 30. சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். துறந்தவன், துறக்காதவன், இந்து, கிறித்தவன், எல்லைக்கு அப்பாலிருந்து ஷிப்டுக்கு நடந்து வந்தவன் எல்லாரும் ஒரே வாசலில் நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் போராட, மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதல் என்று இங்கே சொல்வார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14க்குச் சொல்தாக்கள் மெடல்களோடு போர் நினைவிடத்துக்கு வருவது செய்தித்தாளில் படத்தோடு வரும். ஜூலை 30க்குச் சங்கத்துக்காரர்கள் மாலை போடுவது உள்பக்கத்தில் நாலு வரி.

மில்கள் மூன்றும் மூடியாகிவிட்டன. ஏ.எஃப்.டி. என்கிற ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 2020இல் போனது. 1898இல் தொடங்கிய ஆலை அது, வயதைப் பார்த்தால் மஞ்சள் சுவர்கள் பலவற்றுக்கு அக்கா. அந்தத் திடலில் பொருட்காட்சி நடக்கிறது, வார இறுதியில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன. அடுத்த பருவத்துக் களப்பணிக்கு என் மாணவர்களைக் கடலூர் சாலைப் பக்கம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் முதலியார்பேட்டைத் தெருக்களில் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், உட்கார வைத்தால் பொழுதுக்கும் பேசுவார்கள். வேலைநிறுத்தக் கதையை அவர்களே சொல்வார்கள், கேட்கத் தேவையில்லை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வர வேண்டியது வேறு: ஸ்பின்னிங்கில் எந்தத் தெரு ஆட்கள், நெசவில் எந்தத் தெரு, சாயப் பட்டறையில் யார், ஆபீஸ் நாற்காலியில் யார், கேன்டீனில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.